குத்தகைக் காரைப் பெறும் நாள்

குத்தகை என்னும் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. நிலம் ஒருவருடையது, உழுது பயிரிடுபவர் வேறொருவர். பேசிய நெல்லை ஆண்டுதோறும் அளந்துவிட்டு, எஞ்சியதை அவர் அனுபவிப்பார். தவணை முடிந்ததும் நிலம் உடையவரிடம் திரும்பிவிடும். இம்முறை இக்காலத்தில் மோட்டார் காருக்கும் வந்திருக்கிறது. குத்தகை நிறுவனம் புதிய காரை விலை கொடுத்து வாங்குகிறது. நாம் மாதந்தோறும் வாடகை செலுத்தி, மூன்று நான்கு ஆண்டுகள் அதனை ஓட்டுகிறோம். பின்னர்த் திருப்பித் தருகிறோம். ஒப்பந்தம் இடங்கொடுத்தால் விலைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. அலுவலர் பலருக்குத் தாம் பணிபுரியும் இடத்தின் வாயிலாகவே இவ்வசதி கிடைக்கிறது. அத்தகைய காரை முதன்முதலாகப் பெறும் நாளில் நாம் எதிர்பார்க்க வேண்டியவை யாவை, செய்ய வேண்டியவை யாவை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சொந்தக் காருக்கும் குத்தகைக் காருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சொந்தக் காரில் ஒரு கீறல் இருந்தால், அந்த வருத்தம் நம்மோடு முடிந்துவிடும். குத்தகைக் காரிலோ அக்கீறலுக்கு ஒருநாள் கணக்குக் கேட்பார்கள். தவணை முடிந்து வண்டியைத் திரும்பப் பெறும்போது நிறுவனத்தார் அதனைச் சோதிப்பது வழக்கம். ஓடியதால் வரும் இயல்பான தேய்மானத்தை விட்டுவிடுவார்கள்; அதற்கு மேற்பட்ட நெளிவு, கீறல், கிழிசல் ஆகியவற்றுக்குப் பணம் கேட்பார்கள். அக்குறை நம்மால் நேர்ந்ததா, வண்டி வந்தபோதே இருந்ததா என்பதற்கு அன்று சான்று யாது? வண்டியைப் பெற்றுக்கொண்டதாக முதல் நாளில் நாம் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டே சான்று. ஆகவே, பெறும் நாளிலேயே திருப்பித் தரும் நாளை மனத்தில் வைத்து வண்டியைப் பார்க்க வேண்டும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. குத்தகைக் கார் தானம் அன்று. அதன் பல்லைப் பிடித்துப் பார்க்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் விற்பனை நிலையத்தில் அன்று நிகழ்வதோ வேறு. மாலை மயங்கும் வேளையில் மின்விளக்கின் கீழ் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். மாலை சூட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். படம் எடுப்பவரும் காத்து நிற்பார். இவ்வளவிற்கும் நடுவில் குறை தேட யாருக்கு மனம் வரும்? நல்ல நேரம் பார்ப்பவர்கள் நல்ல வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகலில் செல்க, பூசைக்கு முன்னரே வண்டியைப் பார்த்துவிடுக.

முதலில் வண்டியின் அடையாளம். ஒவ்வொரு காருக்கும் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் உண்டு. அது வண்டியின் உடற்சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். விலைப்பட்டியல், பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம் ஆகிய மூன்றிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். டயரின் பக்கத்தில் உற்பத்தி நாளைக் குறிக்கும் நான்கு இலக்கங்கள் உண்டு. 2325 என்றிருந்தால், அது 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்து டயர்களில் ஒன்று மட்டும் மிகப் பழையதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியையும் குறித்துக்கொள்க. பின்னர் விளக்குகள், கண்ணாடிகள், இருக்கைகள், குளிர்சாதனம், மாற்றுச் சக்கரம், ஜாக்கி, இரண்டாவது சாவி என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் இவ்வாறு கார் பெறச் சென்றபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றார். ஊழியர் முதலில் நீட்டியது ஒப்புகைச் சீட்டைத்தான். "இங்கே ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், ஐயா, பூசையை முடித்துவிடலாம்" என்றார். மாணவர் பேனாவை எடுத்துவிட்டார். "பார்த்துவிட்டுப் போடலாம், தம்பி" என்றேன். வண்டியை வெயிலுக்குக் கொண்டுவரச் செய்து சுற்றிப் பார்த்தோம். பின்கதவின் கீழ் விளிம்பில் விரல் நீளத்திற்கு ஒரு கீறல் இருந்தது. அதைச் சீட்டில் எழுதி, ஊழியரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்டோம். கால் மணி நேரத்திற்கு மேல் ஆகவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வண்டியைத் திருப்பித் தந்தபோது, சோதித்தவர் அதே கீறலைச் சுட்டிக் காட்டினார். மாணவர் சீட்டைக் காட்டினார். அதற்காக ஒரு ரூபாயும் கேட்கப்படவில்லை.

பெருங்குறை காணப்பட்டால், "அடுத்த சர்வீசில் சரி செய்து தருகிறோம்" என்னும் வாய்ச்சொல்லை நம்பி வண்டியை ஏற்றல் ஆகாது. விற்பனையாளரிடம் விலை கொடுத்தது குத்தகை நிறுவனம். ஆகவே அந்நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, மறுமொழி பெற்ற பின்னரே கையெழுத்திட வேண்டும்.

அடுத்துச் சட்டத்தின் நிலை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, குத்தகை ஒப்பந்தம் இருப்பதைப் பதிவுச் சான்றில் குறிக்க வேண்டும். ‘உரிமையாளர்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுகையில், குத்தகை வண்டியைப் பொறுத்தவரை அதைத் தம் வசம் வைத்திருப்பவரையே அச்சட்டம் குறிக்கிறது. வண்டி நம்முடையதன்று என்று பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. எனவே காப்பீடு செல்லுபடியாகும் நாளையும், விபத்து நேர்ந்தால் யாருக்கு முதலில் தெரிவிப்பது என்பதையும் அன்றே கேட்டறிய வேண்டும். 1.4.2019 முதல் உற்பத்தியாகும் வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு எண் பலகை கட்டாயம். அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று காண்க. சுங்கச் சாவடிக்குரிய பாஸ்டாக் வில்லை யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்க.

இறுதியாக ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வது நன்று. ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம், மிகுந்தால் கட்டணம் எவ்வளவு என்பது ஒன்று. பராமரிப்பும் டயர் மாற்றமும் யார் பொறுப்பு என்பது இரண்டு. தவணைக்கு முன் வண்டியைத் திருப்பினால் செலுத்த வேண்டியது யாது என்பது மூன்று. வேலை மாறுவோருக்கு இம்மூன்றாவது மிக முக்கியம். வேலை விட்டபின் அதனைப் படிப்பதால் பயனில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். மாதந்தோறும் வாடகை கொடுத்துப் பெறும் பொருளை அளந்து பெறுவதில் நாணம் எதற்கு? ஐயம் ஏற்பட்டால் கேளுங்கள். குறையைக் கண்டால் எழுதுங்கள். எழுதியதன் படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, மகிழ்ச்சியோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள்.