அக்கா வேறு, தங்கை வேறு

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த அக்காவும் தங்கையும் மரபணுவில் பாதிக்குப் பாதி ஒத்திருப்பார்கள் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இது சராசரிக் கணக்கு மட்டுமே. பெற்றோர் ஒவ்வொருவரிடமும் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. ஜோடிக்கு ஒன்றுதான் பிள்ளைக்குப் போகிறது. எது போகும் என்பது தற்செயல். ஒருவரிடமிருந்து மட்டுமே சுமார் 84 லட்சம் விதமான சேர்க்கைகள் உருவாக முடியும். போதாக்குறைக்கு, ஜோடிக் குரோமோசோம்கள் பிரிவதற்கு முன் தமக்குள் துண்டுகளையும் மாற்றிக்கொள்கின்றன. 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் பீட்டர் விஷரும் குழுவினரும் 4,401 உடன்பிறப்பு ஜோடிகளை அளந்து பார்த்தபோது, பகிர்வு சுமார் 37 சதவீதத்திலிருந்து 62 சதவீதம் வரை மாறியது. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒரு ஜோடி நெருக்கமாகவும் இன்னொரு ஜோடி சற்றே தள்ளியும் அமைவது பிறப்பிலேயே நடந்துவிடுகிறது.

சகோதரிகளுக்கு என்று தனியாக ஒரு நெருக்கமும் உண்டு. தந்தையிடம் இருப்பது ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம். அது ஏறக்குறைய அப்படியே எல்லா மகள்களுக்கும் வந்து சேர்கிறது. எனவே எக்ஸ் குரோமோசோமில் மட்டும் சகோதரிகளின் பகிர்வு சராசரியாக 75 சதவீதம். அண்ணன் தம்பிக்கு அது 50 சதவீதம்தான். இவ்வளவு இருந்தும் ஒருத்தி வாயாடியாகவும் மற்றவள் வாய் திறக்காதவளாகவும் வளர்வதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழி சகோதரிகளுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

வீடு ஒன்றுதானே, வளர்ப்பு ஒன்றுதானே என்ற கேள்வி இயல்பாக எழும். ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் 1987-இல் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கையைத்தான் அசைத்தது. தத்தெடுக்கப்பட்டு ஒரே வீட்டில் வளரும், இரத்த உறவில்லாத பிள்ளைகளின் குணங்களை ஒப்பிட்டால், ஒற்றுமை கிட்டத்தட்டப் பூஜ்யம். அதாவது ஒரே கூரை, ஒரே சாப்பாடு, ஒரே கண்டிப்பு ஆகியவை குணத்தை ஒன்றுபோல் ஆக்குவதில்லை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளின் குணத்தில் சூழல் செய்யும் வேலையில் பெரும்பகுதி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகவே வாய்க்கிறது. மூத்தவள் பிறந்தபோது அப்பாவுக்கு வேலை இல்லை. இளையவள் பிறந்தபோது வேலை நிரந்தரமாகிவிட்டது. ஒருத்திக்கு நல்ல டீச்சர் அமைந்தார், மற்றவளுக்கு அமையவில்லை. முகவரி ஒன்றாக இருந்தாலும் இருவரும் வளர்ந்த வீடு ஒன்றல்ல.

பிறந்த வரிசைதான் காரணம் என்பது இன்னொரு பழைய விளக்கம். ஆல்பிரட் ஆட்லர் தொடங்கி வைத்ததை பிராங்க் சல்லோவே 1996-இல் ஒரு தடித்த நூலாகவே விரித்தார்: மூத்தது பொறுப்பு, இளையது கலகம். கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கோட்பாட்டுக்கு 2015-இல் இரண்டு அடிகள் விழுந்தன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டோரை ஜூலியா ரோரர் குழுவினர் ஆராய்ந்தார்கள். சுமார் 3,77,000 அமெரிக்கப் பள்ளி மாணவர்களை இன்னொரு குழு ஆராய்ந்தது. பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதிலும் தெரியவில்லை. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் மட்டும் மூத்தவர்களுக்கு மிகச் சிறிய ஏற்றம் இருந்தது. பிறகு ஏன் ஊரெல்லாம் இதை நம்புகிறது? பத்து வயது அக்காவை ஆறு வயதுத் தங்கையோடு ஒப்பிட்டால் அக்கா பொறுப்பானவளாகத்தான் தெரிவாள். அது வயதின் வேலை. தங்கைக்கும் பத்து வயது வரும். ஆனால் அதற்குள் வீட்டில் பட்டம் கொடுத்து முடித்திருப்பார்கள்.

இந்தப் பட்டங்களைப் பற்றி உளவியலாளர் பிரான்சிஸ் ஷாக்டர் 1976-இல் எழுதினார். ஒரே பாலினத்தைச் சேர்ந்த முதல் இரு பிள்ளைகள் தம்மை ஒருவரிடமிருந்து ஒருவர் வலிந்து வேறுபடுத்திக்கொள்ளும் போக்கு, மற்ற ஜோடிகளைவிட வலுவாக இருப்பதை அவர் கண்டார். அக்கா படிப்பில் கெட்டி என்றால் தங்கை பாட்டுக்கோ விளையாட்டுக்கோ போகிறாள். ஒருத்தி அம்மா பிள்ளை ஆனால் மற்றவள் அப்பா பிள்ளை. ஒரே களத்தில் நின்று தோற்பதைவிட வேறு களம் தேடிக்கொள்வது புத்திசாலித்தனம்தான். ஆக, சகோதரிகளின் வேறுபாட்டில் ஒரு பங்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துத் தாமே உருவாக்கிக்கொண்டது.

களம் மாற்ற வழியில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஹாலிவுட்டில் ஓர் உதாரணம் உண்டு. ஒலிவியா டி ஹேவிலண்ட் 1916-இலும் ஜோன் 1917-இலும் டோக்கியோவில் பிறந்தவர்கள்; இடைவெளி பதினாறு மாதம்கூட இல்லை. இருவரும் நடிகைகள் ஆனார்கள். குடும்பப் பெயரை அக்கா ஏற்கெனவே திரையில் பயன்படுத்திவிட்டதால் தங்கை மாற்றாந்தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டு ஜோன் போன்டெய்ன் ஆனார். 1942-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தன. விருது தங்கைக்குப் போனது. 1947-இல் அக்கா வென்றபோது வாழ்த்த வந்த தங்கையை அவர் பொருட்படுத்தாமல் கடந்து போனார். அந்தக் கணம் புகைப்படத்தில் பதிவாகி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1975-இல் தாய் இறந்ததையொட்டி எழுந்த சச்சரவுக்குப் பிறகு பேச்சு முற்றாக நின்றது. இரண்டு பேரிடமும் திறமை இருந்தது, புகழ் இருந்தது. குறைந்த பட்சம் ஒருத்தி மருத்துவராகப் போயிருந்தால் உலகம் அவர்களை இப்படித் தராசில் நிறுத்தியிருக்காது.

நடுவயதில் சகோதரி உறவு பொதுவாகத் தளர்ந்துபோகிறது. கணவன், பிள்ளைகள், வேலை, ஊர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. பெற்றோர் தளரும்போது மீண்டும் இருவரும் ஒரே அறையில் அமர வேண்டியிருக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே ஐம்பது வயது அக்கா அதிகாரம் செய்யத் தொடங்க, நாற்பத்தைந்து வயதுத் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இந்தப் பருவத்தின் அடையாளம். பக்கத்துத் தெருவில் இருப்பவள் ஆஸ்பத்திரிக்கு அலைகிறாள். வெளிநாட்டில் இருப்பவள் பணம் அனுப்பிவிட்டு, போனில் மாத்திரைக் கணக்கு கேட்கிறாள். இருவருக்குமே தன் பங்குதான் பெரிது. அமெரிக்காவில் ஜில் சூட்டரும் கார்ல் பில்லெமரும் முதிய தாய்மாரையும் அவர்களது வளர்ந்த பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலான தாய்மார்கள் ஒரு பிள்ளையிடம் கூடுதல் ஒட்டுதல் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை யார் என்பதைப் பிள்ளைகள் பல நேரம் தவறாகவே ஊகித்தார்கள். பாரபட்சம் இருக்கும் வீடுகளில் மனச்சோர்வின் அறிகுறிகள் ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் மட்டும் தென்படவில்லை. செல்லப் பிள்ளையிடமும் தென்பட்டன.

சகோதரிகளைத் தராசில் ஏற்றும் வேலையைப் பெற்றோர் மட்டுமல்ல, சட்டமும் செய்திருக்கிறது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கு இணையான பங்கு தந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 1988-இல் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு அந்தப் பங்கு இல்லை, 1990-இல் கட்டிக்கொண்ட தங்கைக்குச் சமபங்கு. முற்போக்கான சட்டம்தான், ஆனாலும் எத்தனை வீடுகளில் அது அக்கா தங்கையை எதிரெதிரே நிறுத்தியிருக்கும்! 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம்தான் மணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை நீக்கியது.

முதுமையில் உறவு பலருக்கு மறுபடி நெருங்குகிறது. பெற்றோர் போன பிறகு, சின்ன வயதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மிஞ்சியிருப்பது பெரும்பாலும் உடன்பிறந்தவள்தான். உடன்பிறப்பு ஜோடிகளில் சகோதரிகளின் பிணைப்பே அதிக நெருக்கமானது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. டெபோரா கோல்ட் 1989-இல் முதியோரின் உடன்பிறப்பு உறவுகளை ஐந்தாகப் பிரித்தார்: உயிருக்குயிரானது, நட்பானது, கடமை தவறாதது, ஒட்டாதது, பகையானது. பகை என்று சொல்லத்தக்கவை அவற்றில் பத்தில் ஒன்று அளவே. அதிகம் பேர் இருந்தது கடமை தவறாத வகையில்: அடிக்கடி பேசிக்கொள்ளாவிட்டாலும், கருத்து ஒத்துப்போகாவிட்டாலும், நல்லது கெட்டது என்றால் வந்து நிற்பவர்கள்.