மண்ணோடு பிணைந்த மக்கள்

இடைக்கால இங்கிலாந்தில் நிலமே செல்வம், நிலமே அதிகாரம். மன்னன் பிரபுக்களுக்கு நிலம் அளித்தான். பிரபுக்கள் அதில் ஒரு பகுதியைத் தம் போர்வீரர்களுக்கு அளித்தனர். இப்படிகளின் அடியில் நின்று அனைவர்க்கும் உணவளித்தவன் உழவன்.

உழவருள்ளும் இருவகையினர் இருந்தனர். குத்தகை செலுத்தி, விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமை பெற்றோர் ஒரு வகையினர். பண்ணையடிமைகள் மற்றொரு வகையினர். இவர்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்கள். நிலம் கைமாறினால் இவர்களும் அதனுடன் கைமாறினர்.

பண்ணையடிமை தனக்கென விடப்பட்ட நிலத்தில் பயிரிட்டு உண்ணலாம். அதற்கு ஈடாக, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் அவ்வேலை மேலும் மிகும். தன் கதிர் முற்றி நிற்க, அவன் பிரபுவின் கதிரை அறுத்துக்கொண்டிருப்பான். தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்தல் வேண்டும். மகளுக்கு மணம் முடிக்கவும் பிரபுவுக்குப் பணம் செலுத்துதல் வேண்டும். அவன் இறந்தாலோ, அவனுடைய கால்நடைகளுள் சிறந்ததொன்று பிரபுவைச் சேரும்!

இந்நிலையை அசைத்தது ஒரு கொடிய நோய். 1348-ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோய், மக்களில் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. உழுவதற்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. எஞ்சிய உழைப்பாளர் மிகுந்த கூலி கேட்டனர். பழைய கூலிக்கே உழைக்க வேண்டுமென 1351-இல் அரசு சட்டம் செய்தது. வரிச்சுமையும் சேரவே, மக்களின் மனக்கொதிப்பு பெருகிற்று. 1381-இல் வாட் டைலர் என்பவனின் தலைமையில் உழவர் திரண்டு இலண்டனுள் புகுந்தனர். பதினான்கு வயதே நிரம்பிய மன்னன் இரண்டாம் ரிச்சர்டு, அடிமைமுறையை ஒழிப்பதாக வாக்களித்தான். மறுநாளே டைலர் மன்னனின் முன்னிலையில் வெட்டுண்டான். வாக்குறுதியும் பின்னர் மறுக்கப்பட்டது.

எனினும், ஆள் பஞ்சம் தீரவில்லை. உழவரைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ள விரும்பிய பிரபுக்கள், கட்டாய உழைப்பை விடுத்துப் பணக்குத்தகை பெற இசைந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் அடிமைமுறை படிப்படியாகத் தேய்ந்தது. 1574-இல் முதலாம் எலிசபெத் அரசியார், அரச நிலங்களில் எஞ்சியிருந்தோரும் பணம் செலுத்தி விடுதலை பெற வழிசெய்தார்.

மன்னன் தர மறுத்த விடுதலையை உழவர்க்கு ஈட்டித் தந்தது அவர்தம் உழைப்பின் அருமையே ஆகும்.