வீட்டுச் சோலாருக்கு எத்தனை பெரிய பேட்டரி?

சோலார் பேனல் எனப்படும் சூரிய மின்தகடுகள் பகலில் மட்டுமே மின்சாரம் தருகின்றன. வீட்டின் தேவையோ மாலையிலும் இரவிலுமே மிகுகிறது. மின்வாரிய இணைப்போடு மட்டும் இயங்கும், பேட்டரி இல்லாத அமைப்பில், கம்பியில் பழுதுபார்க்கும் ஊழியரின் பாதுகாப்பைக் கருதி, மின்தடை ஏற்பட்டதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுவதால், உச்சி வெயிலிலும்கூட மின்விசிறி சுழலாது. ஆகவே மின்தடை மிகுந்த ஊர்களிலும் மின்கம்பி எட்டாத தோட்டத்து வீடுகளிலும் பேட்டரி இன்றியமையாததாகிறது. பேனல் 25 ஆண்டுகள் உழைக்க, பேட்டரியோ அதற்குள் பலமுறை மாற்றப்பட வேண்டியதாக இருப்பதால், அதன் அளவை ஊகித்து முடிவு செய்வது வீண்செலவையே தரும்.

பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று குறித்திருந்தால், இவ்விரண்டையும் பெருக்கிவரும் 1,800 வாட்-மணியே அதன் கொள்ளளவாகும். 1,000 வாட்-மணி ஒரு யூனிட் என்பதால் இது 1.8 யூனிட்டுக்குச் சமம். கடைகளில் ஏ.ஹெச். என்று சொல்லப்படும் இந்த ஆம்பியர்-மணியுடன் சி10 என்ற குறிப்பும் இருந்தால், 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்தில் சீராக எடுக்கும்போதுதான் அந்த 150 முழுமையாகக் கிடைக்கும் என்பது பொருள். விரைவாக எடுத்தால் கிடைப்பது குறையும்.

கணக்கு இரவுத் தேவையிலிருந்து தொடங்க வேண்டும். 75 வாட் மின்விசிறிகள் இரண்டு 8 மணி நேரமும், 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு 5 மணி நேரமும், 100 வாட் தொலைக்காட்சி 4 மணி நேரமும், 20 வாட் இணைய மோடம் 10 மணி நேரமும் பேட்டரியில் இயங்குவதாகக் கொண்டால், முறையே 1,200, 200, 400, 200 என மொத்தம் 2,000 வாட்-மணி தேவைப்படுகிறது. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கருவிகளுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றும்போது இன்வெர்ட்டரில் 15 விழுக்காடு இழப்பு நேர்வதாக வைத்துக்கொண்டால், பேட்டரி ஏறக்குறைய 2,350 வாட்-மணி தர வேண்டும்.

இந்த அளவுக்கே பேட்டரி வாங்கிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. டியூபுலர் போன்ற ஈய-அமில பேட்டரியை நாள்தோறும் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் விரைந்து குறைவதால், இரு மடங்காக 4,700 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் அது கிட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம் என்பதால், அதே வீட்டுக்குச் சுமார் 3,000 வாட்-மணி போதும். முதல் விலை கூடுதலானாலும் அது பன்மடங்கு முறை நிரம்பி வடியக்கூடியது.

காலியான பேட்டரியை மறுநாள் வெயில் நிரப்ப வேண்டும் என்பதால் பேனலையும் இதற்கேற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்சொன்ன வீட்டில் நிரப்பும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து 3 யூனிட் தேவைப்படும். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தருவதால் இரவுத் தேவைக்கு அது போதுமானது. மின்வாரிய இணைப்பு உள்ள வீடு ஓர் இரவுக்குக் கணக்கிட்டால் போதும். இணைப்பே இல்லாத வீடு, வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும் நாள்களையும் எண்ணி, இரண்டு நாள் சேமிப்புக்கு வழிசெய்துகொள்ள வேண்டும்.

பேட்டரியைப் பெரிதாக்குவதைவிடத் தேவையைச் சுருக்குவது மலிவானது. அந்த இரண்டு மின்விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளைப் பொருத்தினால் ஓர் இரவில் 720 வாட்-மணி மிச்சமாகி, 200 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இருந்த இடத்தில் 150 ஆம்பியர்-மணி பேட்டரிகளே போதுமானவையாகிவிடும். வெப்பம் ஈய-அமில பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், அதை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, காய்ச்சி வடித்த நீரை உரிய காலத்தில் ஊற்றிவருவதும் அவசியம். கருவிகளின் வாட்டையும் அவை ஓடும் மணியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். அந்தக் கணக்கில்லாமல் சொல்லப்படும் எந்த அளவும் வெறும் விற்பனைப் பேச்சே.