தளர்ந்த தந்தியின் கனம்

ராக் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடக்கைக்காரர். கிட்டாரை இடவலம் மாற்றிப் பிடிப்பவர் என்பதால், தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிப்பது அவருக்கு வலக்கை. 1965-இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு தகட்டு ஆலையில் அவருக்கு வேலையின் கடைசி நாள். இயந்திரத்தில் அந்தக் கை சிக்கி, நடுவிரலும் மோதிரவிரலும் நுனி இழந்தன. வயது 17. இனி வாசிக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள்.

ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு, ஐரோப்பிய ஜாஸ் இசையின் உச்சத்துக்குப் போன கிட்டார் கலைஞர். அயோமி எழுந்துகொண்டார். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு மூடி செய்தார். பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். மூடி தந்தியைப் பிடித்தது, ஆனால் தொடுவுணர்வு போய்விட்டது. முறுக்கேறிய கம்பியை அழுத்துவது பெரும்பாடாக இருந்தது.

ஒரு தந்தியின் சுருதியை அதன் நீளம், எடை, இழுவிசை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எடை குறைந்த தந்திக்கு அதே சுருதியை எட்டக் குறைந்த இழுவிசை போதும். எனவே அயோமி பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் மாட்டினார். பிறகு இழுவிசையையே தளர்த்தினார். அவருடைய 'பிளாக் சபாத்' குழு 1971-இல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களில் கிட்டார் மூன்று அரைஸ்வரம் கீழே நிற்கிறது. வழக்கமாக 82.4 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த தந்தி அங்கே 69.3 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவது. அதனால் சுருதி சுமார் 16 சதவீதம்தான் இறங்கியது; விரல் எதிர்கொள்ளும் இழுவிசையோ 29 சதவீதம் குறைந்தது. காயப்பட்ட கைக்கு இயற்பியல் இவ்வளவு தாராளமாக இருந்தது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் ஒரு விபத்துதான் ஹெவி மெட்டல் என்ற ராக் வகையை உண்டாக்கியது என்று சொல்லி முடிப்பதை என்னால் ஏற்க முடியாது. 'பிளாக் சபாத்' 1970-இல் வெளியிட்ட முதல் இரண்டு ஆல்பங்களிலும் பெரும்பாலும் வழக்கமான சுருதிதான். அப்போதே அந்த ஒலி மலைபோல் கனத்தது. அந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

நம் ச-ப ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் அதிர்வெண்களும் 2:3 விகிதம். ராக் கலைஞர்கள் 'பவர் கார்டு' என்பது இதைத்தான். ஆட்காட்டி விரலும் சுண்டுவிரலுமே போதும். அயோமிக்கு இரண்டும் நலமாக இருந்தன. இப்போது ஆம்ப்ளிஃபையரை அதன் தாங்குசக்திக்கு மேல் முடுக்கினால், அலையின் உச்சிகள் நறுக்கப்படும். நறுக்கப்பட்ட அலையில், உள்ளே போன அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கும். 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் உள்ளே போனால் 55 ஹெர்ட்ஸும் சேர்ந்து வெளியே வரும். கீழ் ஸ்தாயி ஷட்ஜம் அது! வழக்கமான சுருதியில் கிட்டாரின் எந்தத் தந்தியாலும் எட்ட முடியாத ஆழம். அதைத் தந்தி வாசிக்கவில்லை, ஆம்ப்ளிஃபையர் படைத்தது. காந்தாரத்தையும் சேர்த்து முழுக் கார்டாக வாசித்தால், இந்தக் கூட்டல் கழித்தல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். இரண்டே ஸ்வரங்களில் நிற்கும்போதுதான் அந்தத் தெளிவும் பருமனும் ஒருங்கே கிடைக்கின்றன.

பல கிட்டார் கலைஞர்கள் கையாண்ட உத்திதான் இது. அதை அலங்காரமாக வைக்காமல், பாட்டின் முதுகெலும்பாகவே ஆக்கியவர் அயோமி. அவசரமில்லாத வேகத்தில், ஒவ்வொரு அடியும் முழுதாக ஒலித்துத் தீர இடம் விட்டு வாசித்தார். பின்னர் அவர் சுருதியைத் தாழ்த்தியபோது, குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லரும் தன் தந்திகளைத் தளர்த்தி அவரோடு கீழே இறங்கினார்.

2025 ஜூலை 5 அன்று, பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் குழுவின் ஆதி நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். மெட்டாலிக்கா, ஸ்லேயர் போன்ற குழுக்கள் முன்னதாக மேடையேறி மரியாதை செய்தன.

விரல் முழுதாக உள்ள கலைஞர்களும் இன்று அவரைவிடக் கீழே போகிறார்கள். ஏழு தந்திக் கிட்டாரின் அடித் தந்தி சுமார் 61.7 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்வில் மெல்லிய தந்தி துவண்டுபோய்க் கழுத்திலுள்ள மெட்டுகளில் உரசும், சுருதி நடுங்கும். ஆகவே தந்தியைத் தடிமனாக்குகிறார்கள். அயோமி தொடாமல் விட்ட நீளத்திலும் கைவைத்து, கிட்டாரின் கழுத்தை நீட்டுகிறார்கள்.