புள்ளி எங்கே போயிற்று?

கடிதத்தை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால் நம் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். அதன் பிறகு அது எத்தனை கை மாறிப் போகிறது என்று நாம் நினைப்பதே இல்லை. மின்னஞ்சலைப் பற்றி நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், எங்கள் கையாலேயே ஓர் அஞ்சல் சர்வரைச் செய்து, அது எங்களை அழ வைக்கும் வரையில்.

விடுதி மாணவியருக்குக் கைப்பேசி அனுமதி இல்லை என்பது யாவரும் அறிந்ததே. வெளியூர்ப் பெற்றோர் எழுதும் கடிதங்களைப் பெறுவதற்காக, கணினி அறையின் மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றைச் சர்வராக்கலாம் என்று எங்கள் கணினி ஆசிரியை கூறினார். ஆயத்தமான நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் டீச்சர், "கடிதம் வாங்கும் நிரலை நீங்களே எழுதுங்கள்" என்று எங்கள் மூவரிடமும் விட்டுவிட்டார். பைத்தான் மொழியில் ஏறக்குறைய 200 வரிகள் எழுதினோம். முதல் கடிதம் வந்த அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமைதோறும் கடிதங்களை அச்சிட்டு உரியவரிடம் கொடுப்போம். எங்களுக்குத் "தபால்காரம்மா" என்றே பெயர் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஒவ்வொரு சனியும் வந்து நிற்பாள். அவளுடைய அம்மா குவைத்தில் நர்சாக வேலை பார்க்கிறார். "அக்கா, எனக்கு இன்னிக்கும் இல்லையா?" என்பாள். இல்லை என்போம். மூன்றாவது சனியன்று அவள் கேட்கவே வரவில்லை. மறுநாள் மாலைச் செபம் முடிந்ததும் விடுதிச் சிஸ்டரின் அறைக்கு அவளுடைய அம்மாவின் தொலைபேசி வந்தது. அன்றிரவு எங்களிடம் ஓடி வந்தாள். "அக்கா, அம்மா மூணு கடிதம் போட்டாங்களாம்!"

எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது. மற்றவர்களின் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தனவே!

நாங்கள் முதலில் செய்தது, பிறர் மீது பழி போட்டதுதான். மழையில் கேபிள் கெட்டதோ என்றோம். பிறகு பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தோம். நம் முகவரிக்கு வரும் கடிதம் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று அதில் எம்.எக்ஸ். என்னும் குறிப்பு இருக்கும். அது சரியாகவே இருந்தது. அஞ்சல் நுழையும் 25ஆம் எண் வாயிலும் திறந்தே இருந்தது. அடுத்து எங்களில் ஒருத்தி, "அவங்க தமிழில் எழுதுறாங்க, அதனால்தான்" என்றாள். அந்த எண்ணத்துக்குக் காரணம் உண்டு. கணினிகள் இன்று பயன்படுத்தும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். 'அம்மா' என்பதில் அ, ம, மெய்யின் புள்ளி, ம, கால் என 5 குறிகள். ஆக 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 4 பைட்டுதான். அம்மா என்று அழைக்கவே இத்தனை இடமா என்று வியந்து, தமிழ்க் கடிதங்கள் எங்கள் நிரலுக்கு அளவு மீறிப் போயினவோ என்று ஒரு நாள் முழுதும் தேடினோம். ஆனால் மதுரையிலிருந்து ஒரு தாத்தா பேத்திக்கு எழுதிய நீண்ட தமிழ்க் கடிதம் பத்திரமாக வந்திருந்ததே! தமிழ் மீது குற்றமில்லை. அப்போதே அந்தப் புள்ளியைக் கவனித்திருக்கலாம்!

டீச்சர் எங்களைப் பார்த்து, "ஏன் பிள்ளைங்களா, ஒருநாளாவது நீங்க அதோட பேசிப் பார்த்தீங்களா?" என்றார்.

சர்வரோடு பேசுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். உண்மையில் இரண்டு அஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசித்தான் கடிதத்தைக் கொடுத்து வாங்குகின்றன. அந்தப் பேச்சின் ஒழுங்கை, எஸ்.எம்.டி.பி. என்ற பெயரில், அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்பவர் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். 2008இல் அது திருத்தி வெளியிடப்பட்டது, அடிப்படை மாறவில்லை. வந்தவர் கதவைத் தட்டியதும் வீட்டுக்காரர் 220 என்பார். வாருங்கள் என்று பொருள். வந்தவர் 'ஹலோ' சொல்லித் தம் பெயரைக் கூறுவார். யாரிடமிருந்து, யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல 250 என்ற பதில் வரும். ஆகட்டும் என்று பொருள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றால் 550. பிறகு வந்தவர் 'டேட்டா' என்பார். அதற்கு 354 என்று பதில் வரும்: சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன், முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.

கடிதம் முடிந்தது என்பதற்கு அந்த ஒற்றைப் புள்ளிதான் அடையாளம். கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால்? அனுப்புபவர் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்புவார். வாங்குபவர் அதை நீக்கிவிடுவார். இதை மட்டும் நாங்கள் மிகச் சரியாக எழுதியிருந்தோம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

டெல்நெட் என்னும் கருவியால் 25ஆம் வாயிலைத் தட்டினோம். 220 வந்தது. ஹலோ சொன்னோம், 250. எல்லாம் முறைப்படி நடந்தது. 354 வந்ததும், 'நலம், நலமறிய ஆவல்' என்று ஒரு வரி தட்டினோம். புள்ளி வைத்து எண்டர் விசையை அழுத்தினோம்.

பதிலே இல்லை. இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. நாங்கள் அதன் பதிலுக்குக் காத்திருந்தோம். அதுவோ எங்கள் புள்ளிக்குக் காத்திருந்தது. குவைத்திலிருந்து வந்த கடிதங்களுக்கும் இதே கதிதான்!

குற்றம் எங்கள் நிரலில்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் உண்டு. தட்டச்சுப் பொறியில் வரியின் தொடக்கத்துக்கு வண்டியைத் தள்ளுவதும் தாளை ஒரு வரி ஏற்றுவதும் போன்றவை அவை. ஆகவே, முந்தைய வரியின் முடிவு, புள்ளி, புள்ளி வரியின் முடிவு என ஐந்து குறிகள் சேர்ந்தால் கடிதம் முடிந்தது. வருகிற ஒவ்வொரு துண்டிலும் இந்த ஐந்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எங்கள் நிரல் பார்த்தது. ஆனால் 1974இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த டி.சி.பி. முறை குழாய்த் தண்ணீர் போன்றது. அந்தப் பக்கம் குடம் குடமாக ஊற்றினாலும் இந்தப் பக்கம் ஒழுக்காகத்தான் வரும். வரிசை தவறாது, ஆனால் எங்கே துண்டாகும் என்பதற்கு உறுதி இல்லை. சில சர்வர்கள் கடிதத்தையும் புள்ளியையும் சேர்த்தே அனுப்புகின்றன. அவை பிழைத்தன. அந்த அம்மாவின் மருத்துவமனைச் சர்வரோ கடிதத்தை அனுப்பிவிட்டு, புள்ளியைப் பின்னால் தனியே அனுப்பியிருக்கிறது. தனியே வந்த புள்ளியை எங்கள் நிரல் கண்டுகொள்ளவே இல்லை. சோதனை செய்தபோது நாங்கள் பயன்படுத்திய நிரல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பியதால் ஒருநாளும் தவறு தெரியவில்லை. முழுதாக வந்த கடிதங்களை மட்டுமே பதிவேட்டில் குறிக்கச் செய்திருந்ததால், பாதியில் நின்றவற்றின் சுவடும் இல்லை. இந்த இரண்டாவது தவறுதான் எங்களுக்கு அதிக வெட்கம் தந்தது.

மருந்து நான்கே வரிகள். வரும் துண்டுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டு, சேர்ந்த முழுவதின் முடிவையும் பார்க்கச் செய்தோம். மீண்டும் டெல்நெட், மீண்டும் புள்ளி. உடனே 250! மூவரும் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து சிஸ்டர் வந்துவிட்டார்.

அனுப்பும் சர்வர் உடனே கைவிடாது. விட்டு விட்டு, நான்கைந்து நாள் முயல வேண்டும் என்கிறது நெறிமுறை. ஆகவே மூன்றாவது கடிதம் இன்னும் எங்கோ காத்திருக்கலாம். இரவு முழுதும் கணினியை அணைக்காதிருக்கச் சிஸ்டரிடம் அனுமதி கேட்டோம். கொடுத்தார். மறுநாள் காலை, வழிபாட்டு மணிக்கு முன் ஓடிப் போய்ப் பார்த்தோம். இரவு 9.10க்கு அது வந்திருந்தது. அச்சிட்டு மடித்து, சனிக்கிழமைக்குக் காத்திராமல் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு கடிதங்களும் அலைந்து அலைந்து அந்த அம்மாவிடமே திரும்பிவிட்டிருந்தன. முகவரி தவறோ என்று அவர் கலங்கியிருக்கிறார். அவற்றை மறுபடியும் அனுப்பச் சொல்லி அன்று மாலையே அவள் பதில் எழுதினாள். அதைத் தட்டச்சு செய்யும்போது எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள்.