சிசுவின் முதுகில் ஒரு நீல மச்சம்

பரம்பரை என்னும் புதிர் – 8

விழியின் நிறமும் கேசத்தின் சுருளும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வரும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். ஜனனத்தின்போதே மேனியில் காணப்படும் வர்ணக் குறிகளும் அவ்வாறே வருகின்றனவா என்பது இவ்வார விஷயம்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த வீடுகளில், பிரசவித்த மகளுக்குப் பத்தியம் பார்க்கும் அம்மம்மா, நீட்டிய கால்களின்மீது பேரப்பிள்ளையைக் குப்புறக் கிடத்தி வெந்நீர் வார்க்கையில், இடுப்புக்குக் கீழே கருநீலமாகப் படர்ந்த ஒரு திட்டைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. அதன் ஓரங்கள் மங்கியிருக்கும், அழுத்தினாலும் நிறம் மாறாது, பிள்ளை அழாது. ஆயினும், "கிரகணத்தன்று வெளியில இறங்கினனியோ, பிள்ளை?" என்ற கேள்வி அக்கணமே மகளை நோக்கி எழுந்துவிடுகிறது.

கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கருவின் ஆதி நரம்புத் திசுவிலிருந்து புறப்பட்டு மேல்தோலை நோக்கிப் பயணம் செய்யும் நிறமி உயிரணுக்களுள் சில, வழியிலேயே தோலின் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. அங்கிருந்து சிதறித் திரும்பும் ஒளியில் நீலமே மேலோங்குவதால், கருமையான நிறமியும், புறங்கை நரம்பு தோன்றுவதுபோல, நீலமாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்துக்குள் இது தானே மறைந்துவிடும்.

தோக்கியோவில் வைத்தியம் போதித்த ஜெர்மானியரான எர்வின் பெல்ஸ் 1885இல் இதனை விவரித்து, மங்கோலிய இனத்துக்கே உரியதென்று கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. தென்னாசியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் இது சர்வசாதாரணம். ஐரோப்பியரிடம் மட்டுமே அபூர்வம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், மலாயரும் பறங்கியரும், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான காப்பிரியரும் கலந்து வாழும் ஒரு துறைமுகப் பட்டினத்தில் இதனை ஒரு ஜாதியின் முத்திரையாகவோ, ஒரு குடும்பத்தின் தோஷமாகவோ எண்ணுவதற்கு இடமே இல்லை.

நேராக வம்சவழியில் இறங்கும் குறிகள் வேறு. நெற்றியின் நடுவே வெள்ளைத் திட்டும் அதன்மேல் ஒரு கொத்து நரைமயிருமாகப் பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவருக்கும் பெரும்பாலும் அதே அடையாளம் இருக்கும். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. பால்கோப்பி நிறத் திட்டுகள், ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அளவில், ஆறோ அதற்கு மேலோ தென்பட்டால், நரம்புக் கட்டிகளை உண்டாக்கும் ஒரு பரம்பரை நோயின் அறிகுறியாகலாம் என்பதால், வைத்தியரிடம் காட்டுவது அவசியம். முகத்தில் படரும் கருஞ்சிவப்பு மச்சமோ பெரும்பாலும் பெற்றோர் தந்ததன்று. கருவில் ஓர் உயிரணுவில் நேர்ந்த மரபணு மாற்றமே அதற்குக் காரணமென்பது 2013இல் தெரியவந்தது.

லண்டனிலும் கனடாவிலும் வாழும் நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீல மச்சத்தை அறியாதவர்கள் அதை அடிபட்ட கன்றல் என்று ஐயுற்றுப் பெற்றோரைச் சந்தேகித்தல் கூடும். கன்றல் சில நாட்களில் பச்சையும் மஞ்சளுமாக மாறும். இம்மச்சம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே, குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் அதன் இடத்தையும் அளவையும் பிறந்தவுடனேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். மிக விரிந்து முதுகெங்கும் பரவியிருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எக்காரணம் கொண்டும், பிள்ளை பெற்றவளைக் குற்றவாளியாக்காதீர்கள்.