பூவுக்குப் பஞ்சாங்கம் தெரியாது

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் ஒரு காலத்தில் ஏப்ரல் மாதக் கடைசி சனி, ஞாயிறு என்றாலே பெரும்பாலும் ‘சகுரா மட்சுரி’தான். சகுரா என்றால் செர்ரிப்பூ, மட்சுரி என்றால் திருவிழா. 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அந்த விழாவில் டைக்கோ முரசு அதிரும், மூன்று தந்தி ஷாமிசென் ஒலிக்கும், மரபு நடனத்துக்குப் பின்னாலேயே ஜப்பானிய பாப் பாட்டும் வரும். இளைஞர்கள் அனிமே பாத்திரங்களாக வேடம் கட்டிக்கொண்டு இளஞ்சிவப்புப் பூக்களின் கீழே உலாவுவார்கள். 2020இல் கொரோனா அதை நிறுத்தியது. பூங்கா மறுபடி திறந்த பிறகும் அந்த இரண்டு நாள் பெருவிழா பழைய உருவத்தில் திரும்பவில்லை. பூக்காலத்தில் அங்கங்கே பரவிய சிறு நிகழ்ச்சிகளும், ‘ஹனாமி நைட்ஸ்’ என்ற டிக்கெட் வைத்த மாலைகளும் அந்த இடத்துக்கு வந்தன. செடிகளை ஆராயும் இடத்துக்கு மேளச் சத்தம் எதற்கு என்று கேட்டுவந்தவர்களுக்கு இது நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால், அவர்கள் குற்றவாளியை மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்பது என் கருத்து. பூவிழாவைக் கெடுப்பது இசையாக இருந்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் திணிக்கும் தேதிதான் கெடுக்கிறது.

செர்ரி மரம் பூக்கும் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். இந்த வசந்தத்தில் விரியும் மொட்டு போன கோடையிலேயே உருவாகிவிட்டது. குளிர்காலத்தில் போதிய நாள் குளிர் பட்டால்தான் அதன் உறக்கம் கலையும். பிறகு வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஓர் அளவை எட்டியதும் விரியும். மார்ச் மாதம் வெதுவெதுப்பாக இருந்தால் முந்திக்கொள்ளும், குளிர் நீண்டால் பிந்தும். விரிந்த பின்னும் ஒரு காற்றும் ஒரு மழையும் போதும், எல்லாம் தரையில். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி எப்போது முழுதாகப் பூத்தது என்பதைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்து யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் திரட்டியிருக்கிறார். கி.பி. 812இல் தொடங்கும் அந்தப் பட்டியலில் மிகவும் முந்திய தேதிகளில் ஒன்று 2021ஆம் ஆண்டின் மார்ச் 26. பூமி சூடாகச் சூடாகப் பூ முந்துகிறது. விழாக்குழுவோ கலைஞர்களுக்குப் பல மாதம் முன்பே முன்பணம் கொடுத்தாக வேண்டும். மேடை தயாராகும் நாளில் மரம் தயாராக இருக்குமா என்பது கிட்டத்தட்டச் சூதாட்டம்தான். புரூக்ளினில் நெடும் புல்வெளியின் இரு மருங்கும் நிற்பவை ‘கான்சான்’ என்ற அடுக்குப்பூ வகை. தாமதமாகப் பூத்துச் சற்று நாள் தாங்கும் வகை என்பதால்தான் ஏப்ரல் கடைசி என்ற தேதியே ஓரளவு பலித்தது.

தேதி செய்யும் இரண்டாவது தீங்கு மண்ணுக்கு. செர்ரியின் உணவு உறிஞ்சும் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை, மேல்மண்ணிலேயே பரவுகின்றன. ஆயிரக்கணக்கான கால்கள் இரண்டே நாளில் அதன்மேல் நடந்தால் மண்ணுக்குள் காற்றும் நீரும் புழங்கும் நுண்துளைகள் இறுகிப்போகும். வேர் மூச்சுத் திணறும். இறுகிய மண் தானாக நெகிழ ஆண்டுகள் ஆகும். மழை பெய்த மறுநாள் என்றால் சேதம் இன்னும் மோசம். தோட்டக்காரர்களின் கவலையை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த மண்ணை மிதித்தது முரசொலி இல்லையே. அதே கூட்டம் வாய்பேசாமல் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் வேருக்கு அதே கதிதான்.

பூவின் அமைதியை இசை குலைக்கிறது என்ற வாதத்துக்கு வருவோம். உதிரும் பூவின் கீழே மௌனமாக அமர்ந்து நிலையாமையை நினைப்பதே ஜப்பானிய மரபு என்று வெளியே இருப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த மரபும் உண்டு. ஆனால், ஹனாமி எனப்படும் பூக்காணல் பெரும்பாலும் கூச்சலும் கும்மாளமுமாகவே இருந்திருக்கிறது. 1598இல் ஹிதெயோஷி என்ற ஆட்சியாளர் கியோட்டோவின் டைகோஜி கோயிலில் நூற்றுக்கணக்கான மரங்களை நட்டு, பெருந்திரளான விருந்தினரை அழைத்து நடத்திய பூவிருந்து இன்றும் பேசப்படுகிறது. டோக்கியோ நகரம் எடோ என்று அழைக்கப்பட்ட நாளில், உயெனோவில் அழகான செர்ரிகள் இருந்தன. ஆனால் அது ஷோகன் எனப்பட்ட படைத்தலைமை ஆட்சியாளரின் குடும்பக் கோயில் வளாகம் என்பதால் அங்கே குடிக்கவும் பாடவும் தடை. 1720களில் யோஷிமுனே என்ற ஷோகன் அசுகயாமா குன்றில் செர்ரிகளை நட்டு, பிற்பாடு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது சனம் அங்கே திரண்டது. காரணம் எளிது: அங்கே பாடலாம், ஆடலாம். பூவையும் பாட்டையும் சேர்த்து வைத்தது அமெரிக்க வணிகப் புத்தி என்று நினைப்பவர்கள் இந்தக் குன்றை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆராய்ச்சிக்கான இடத்தில் கேளிக்கை தகுமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1910இல் நிறுவப்பட்ட, 52 ஏக்கர் பரப்புள்ள இந்தப் பூங்கா ஓர் உயிருள்ள அருங்காட்சியகம் என்பது உண்மை. ஆனால் அதில் இந்த மரம் எப்படிப்பட்ட காட்சிப்பொருள் என்று பாருங்கள். கான்சான் காட்டில் முளைத்த மரம் கிடையாது. மகரந்தத்தாள்கள் பல இதழ்களாகவும், சூலகம் இலைபோலவும் மாறிவிட்டிருப்பதால் அது பெரும்பாலும் காய்ப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் யாரோ ஒருவர் கிளையை வெட்டி ஒட்டுக்கட்டியதால்தான் அது இன்றுவரை பிழைத்திருக்கிறது. பார்ப்பதற்கு ஆள் இல்லை என்றால் அந்த மரமே இல்லை. ‘தைஹாகு’ என்ற பெரிய வெள்ளைப்பூ வகை ஜப்பானிலேயே அழிந்துவிட்டிருந்தது. காலிங்வுட் இங்கிராம் என்ற ஆங்கிலேயர் 1923இல் சசெக்ஸில் ஒரு தோட்டத்தில் சாகும் தறுவாயில் இருந்த ஒரே மரத்தைக் கண்டு, ஒட்டுக்குச்சி எடுத்து வளர்த்தார்; பிற்பாடு அதன் குச்சிகளை உருளைக்கிழங்கில் செருகி, சைபீரிய ரயில் வழியாக ஜப்பானுக்கே அனுப்பிவைத்தார். பூப்பைத்தியம் பிடித்த ஒருவர் செய்த காரியம் அது. கூட்டம் சேர்வதும், அந்தக் கூட்டத்தில் நாலு பேருக்குப் பைத்தியம் பிடிப்பதும் இத்தகைய மரங்களின் பாதுகாப்பில் அடங்கிய விஷயம்.

தேதியைக் குறை சொல்வது சுலபம், உழைக்கும் சனத்துக்குத் தேதிதானே வசதி என்று ஒருவர் கேட்கலாம். எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் கேள்வி இதுதான். விடுப்பு சொல்ல, பிள்ளைகளைக் கூட்டிவர, குழு ஒத்திகை பார்க்க, நிச்சயமான நாள் வேண்டும். டிக்கெட் வைத்த மாலைகள் கையில் காசும் நேரமும் உள்ளவர்களுக்கே என்ற குறையும் நியாயமானது. ஆனால், புரூக்ளின் பூங்காவில் இருப்பது ஒரே வகைச் செர்ரி மட்டுமில்லை. கிளை தாழ்ந்த ஹிகான் வகைகள் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ விரிகின்றன, யோஷினோ அடுத்து வருகிறது, கான்சான் கடைசியில். தகேயோ ஷியோட்டா வடிவமைத்து 1915இல் திறந்த ஜப்பானியக் குளத்தோட்டத்தைச் சுற்றிலும், புல்வெளியிலுமாக வகை வகையாக நிற்கும் மரங்களில் எது மொட்டு, எது மலர்ச்சி, எது உதிர்ந்தது என்று பூங்காவே பூக்காலத்தில் ஒரு வரைபடத்தில் குறித்துக் காட்டிவருகிறது. அந்த வரைபடம் கையில் இருக்கும்போது விழாவை ஏன் ஒரு புல்வெளியோடும் ஒரு வார இறுதியோடும் கட்டிப்போட வேண்டும்? நுழைவுச்சீட்டுக்கு மேல் எதுவும் வாங்காமல், மார்ச் கடைசி முதல் ஏப்ரல் கடைசி வரை ஐந்து வாரமும் சனி ஞாயிறு பகலில் சிறு கச்சேரிகள் வைக்கலாம். கலைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் தேதி முன்பே தெரிந்திருக்கும். எந்த மரத்தடியில் என்பதை மட்டும் அந்த வாரத்துப் பூ முடிவு செய்யட்டும். குளத்தோரம் ஹிகான் பூத்திருக்கும் வாரம் ஷாமிசென்னுக்கு, கான்சான் வாரம் டைக்கோவுக்கு. முரசை மட்டும் வேர்ப்பரப்பைத் தாண்டிக் கல் பாவிய இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; அதன் சத்தம் மரத்தடிக்குத் தானே வந்து சேரும்.